அசனப் பந்தியில் சுடப்பட்டவர்கள்

நேமத்துக்கு இப்பால் ஒரு சந்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையின் அசன விருந்தில், சில வருடங்களுக்கு முன், கைபேசிக்குள்ளிருந்து இறங்கி வந்த ஆட்கள் ஒரு முழுப் பந்தி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூடுதல். சபையில் அதிகம் பேசப்பட்டது உப்பைப் பற்றித்தான்.

அவர்கள் வந்த வழி இது. விடுமுறையில் பிள்ளைகள் மனதில் வேதம் படிய ஒரு கிறிஸ்தவ வீடியோ கேம் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. கழக்கூட்டத்தில் கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் அஜிதா, அசனத்துக்குச் சமைக்கும் தாசம்மாளின் மகள், கூலி வாங்காமல் செய்து கொடுத்தாள். அவள் கேமில் பசித்தவர்கள் கையில் தட்டோடு சாலையில் வருவார்கள். விளையாடுகிறவர் அவர்களைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைக்க வேண்டும். பந்தி நிறைந்தால் கோயில் மணி அடிக்கும், ஜெயம். செயலாளர் ராஜையனுக்கு இது பிடிக்கவில்லை. "வெடி வைக்காத்த கேமை எந்தப் பிள்ளை மோளே விளையாடும்? இவனுவள சாத்தானுக்க ஆளாக்கு. நம்ம பிள்ளைங்க சுடட்டும்."

"இயேசு யாரை மாமா சுட்டாரு?"

"அது பைபிள். இது கேமு, கேட்டியா?"

கமிட்டி முழுதும் தலையாட்டியது. துப்பாக்கிக்கு 'விசுவாசம்' என்று பெயர் வைத்தால் தோஷமில்லை என்று தீர்மானமும் போட்டார்கள். கேரம் போர்டிலேயே காயைக் குழியில் தள்ளத் தெரியாத எனக்குக்கூட அது அநியாயம் என்று தெரிந்தது. அஜிதா அழுதுகொண்டே மாற்றினாள். மணியை எடுத்துவிட்டாள். ஒன்றில் மட்டும் அசையவில்லை: எதிரிகள் கையில் ஆயுதம் வரைய மாட்டேன் என்றாள். ஆக அந்தக் கோடை முழுக்க, தட்டேந்தி வந்தவர்களைச் சபைப் பிள்ளைகள் விசுவாசத்தால் சுட்டுத் தள்ளினார்கள். ராஜையன் பிரசங்க நேரத்திலும் சுட்டார். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு ஒல்லி ஆளைச் சுடுவதில் அவருக்குத் தனி ருசி.

அசனத்தன்று மூன்றாம் பந்திக்கு அவர்கள் வந்தார்கள். அதே தட்டு. நெஞ்சில் துளைகள், துளை வழியே பின்சுவரின் வெள்ளை தெரிந்தது. அஜிதாவைப் பார்த்து, தெரிந்தவர்களைப் போலத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ராஜையன் ஓடி வந்தார். "சபையில பேரில்லாத்தவனுக்குப் பந்தியில்ல. எழும்புங்கடே!" அசனத்தில் உட்கார்ந்தவரை எழுப்புவது எங்கள் சபையில் எந்தக் காலத்திலும் கிடையாது. தாசம்மாள் சோற்று வாளியோடு குறுக்கே நின்றாள். "தொட்டுப் பாரும் ஓய். பிள்ள செஞ்சு தந்த பந்திய சுடுகாடு ஆக்கினீரு. இது நான் வச்ச பந்தி."

சோறு விழுந்தது. ரசம் ஊற்றினால் துளை வழியே ஒழுகிப் பாய் நனைந்தது. "குழம்ப கெட்டியா விடுங்க மக்கா" என்றாள் தாசம்மாள், நெடுங்காலம் இதையே பரிமாறியவள்போல. கடைசியில் ஒரு இடம் மிச்சமிருந்தது. மஞ்சள் ஹெல்மெட்காரன் கொஞ்சம் தள்ளி, பக்கத்துப் பாயைத் தட்டி, ராஜையனைப் பார்த்தான். "இரிங்க அண்ணாச்சி. காலையிலேந்து ஒண்ணும் தின்னலியே." ராஜையன் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பந்தி நிறைந்தது. சபையாரின் பைகளில் இருந்த கைபேசிகளிலெல்லாம், அஜிதா எடுத்துவிட்ட மணி அடித்தது.

இப்போது வருடா வருடம் ஒரு பந்திக்கு அரிசி கூடுதலாகப் போடுகிறோம். அவர்களுக்கு ராஜையன்தான் பரிமாறுகிறார். ரசம் ஊற்றுவதில்லை.