பதினொரு வினாடி மௌனம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் ஒருத்தி என்னிடம் மனம்விட்டுச் சொன்னது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"மழை விடாமல் கொட்டிய அந்த மாலையில், ஜன்னலோரம் அவள்..."

வேண்டாம். அவள் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

2

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய சமூகவியல் ஆய்வுக்கான பதிவுகள் அவை. நேர்காணலை வேறு யாரோ எடுப்பார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல்லுக்குச் சொல் எழுதுவது இவள் வேலை. பேச்சு மூன்று வினாடிக்கு மேல் நின்றால், எத்தனை வினாடி என்று அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும்.* பேசுபவர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். தெரிந்த குரல் என்றால் உடனே நிறுத்திப் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்டதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

(*ஆய்வுக்காரர்களுக்கு மௌனமும் தகவல். என்னைப் போன்றவர்கள் மூன்று புள்ளி வைத்துத் தப்பித்துவிடுகிறோம்.)

3

பதினேழாம் எண் தொண்டையைச் செருமியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அக்கா. அத்தான் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"ஒரு அவசரம்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

(11 வினாடி மௌனம்)

"யாரும் இல்லீங்க."

"கூடப் பிறந்தவங்க?"

"தங்கச்சி இருக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம வருவா. (5 வினாடி மௌனம்) அவ வர்றான்னா முந்தின நாளே வீட்டை ஒழுங்கு பண்ணணும். முகத்தைக் கழுவி சிரிச்ச மாதிரி வச்சுக்கணும். அதுவும் ஒரு வேலைங்க."

ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பி, அக்கா கெட்டிக்காரி, எப்படியோ சமாளித்துவிடுகிறாள் என்று கணவனிடம் பெருமையடித்தவள் இவள்.

4

கதையை எழுதும்போது இந்த இடத்தில் முதலில் அவளைப் பொய் எழுத வைத்தேன். "தங்கச்சி" என்பதை "உறவினர்" ஆக்கி, பதினொன்றை இரண்டாக்கி... அடித்துவிட்டேன். அப்படிச் செய்யக்கூடிய ஆள் நான்தான், அவள் அல்ல. அவள் ஒரு "ம்" விடாமல் எழுதி முடித்து, ஆய்வை நடத்தும் பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. பதிவை வாங்கி வைத்துக்கொண்டார்.

"உங்க அக்கா எங்களை நம்பிச் சொன்னது இது. நீங்க போய் அவங்ககிட்ட இதைப் பத்திக் கேட்டீங்கன்னா, இனிமே அவங்க யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டாங்க."

5

முடிவு ஒன்று: அவள் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். அழுததில் இவள் பாரம் இறங்கும். அக்காவின் பாரம்?

முடிவு இரண்டு: வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போகிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். இதை எழுதவே எனக்கு மனம் வரவில்லை.

அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை போனாள், சொல்லாமல் கொள்ளாமல். கதவைத் திறந்த அக்கா தலைகூட வாரியிருக்கவில்லை. கையில் அத்தானின் ஈரத்துணி. சிரிப்பைத் தேடி எடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"என்னடி, இன்னிக்கு வந்திருக்கே?"

என்ன பதில் சொன்னாய் என்று நானும் கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இனி நீங்கள்தான் தங்கை. கேட்டதைச் சொல்லக் கூடாது, கேட்காதவள் போல நடிக்கவும் முடியாது. அக்கா வாசலில் நிற்கிறாள். எத்தனை வினாடி என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

(      வினாடி மௌனம்)