இரண்டாயிரம் அடி

"விடுட்டி! சொல்லியாச்சுல்லா, விடு!"

"இருங்க, கை எட்டிரும், இன்னும் கொஞ்சம்தான்..."

"ரெண்டாயிரம்னு ரெண்டு தரம் கத்திட்டேன்..."

"நீங்க ரயிலு கணக்கா எண்ணுதிய! ஐயாயிரம் அடியில ஆரம்பிச்சா மூச்சு விடாம..."

"மூச்சு எங்கன விட? நீதான் சட்டையச் சேத்துப் பிடிச்சுக் கழுத்த நெரிக்கியே!"

இசக்கித்துரை பெஞ்சின் மேல் குப்புறக் கிடந்தான். கையும் காலும் தவளைக்கு விரிந்த மாதிரி அந்தரத்தில் விரிந்திருந்தன. முதுகில் அவன் அக்கா மகனுடைய பழைய பள்ளிக்கூடப் பை. அதன் வலது பக்க அடி மூலையில் தறியின் பாவு நூலை உருட்டி முடிந்து ஒரு குமிழ். அதுதான் பாராசூட்டின் கைப்பிடி என்று வைத்துக்கொள்ள வேண்டும். சண்முகசுந்தரி பக்கத்தில் முட்டிபோட்டு, இடது கையால் பையின் வாரைப் பற்றிக்கொண்டு வலது கையால் அந்தக் குமிழைத் தேடினாள். அவன் வேண்டுமென்றே உடம்பை நெளித்து எட்டவிடாமல் செய்தான். அப்படிச் செய்யச் சொன்னதே அவள்தான்.

மாதப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெரு முழுக்கத் தறிகள் ஓய்ந்து கிடந்தன. அந்த அமைதியில் புருசன் பெண்டாட்டி போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"விட்டாச்சு. போதுமா?" என்று அவள் கையை உதறினாள்.

"போதாது. என் கணக்குப்படி நீ எப்பவோ தரையில." அவன் எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டான். "மூணு தரம் செஞ்சு பாத்தாச்சு. மூணு தரமும் விடல. உனக்கு விதி என்னட்டி? நீதானே சொன்ன?"

"ரெண்டாயிரம் அடி வந்துட்டா, ஸ்டூடண்டோட பாராசூட் குடை விரிஞ்சாலும் விரியாட்டாலும் அவன விட்டுட்டு நம்ம குடைய விரிக்கணும்."

"கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுத. செய்யமாட்டேங்கிய." அவன் அவள் முகத்தையே பார்த்தான். "போன மாசம் அங்கன கோர்ஸ்லயும் இப்படித்தான் பிடிச்சிட்டுக் கிடந்தியா?"

அவள் பையின் வாரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"காத்து சரியில்ல, பரீட்சையத் தள்ளி வச்சிட்டாகன்னு போன்ல சொன்ன?"

"காத்து நல்லாத்தான் இருந்துச்சு."

இசக்கித்துரைக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டான். "ஃபெயிலா?"

"ஆமா."

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, ஆக்ராவில் முதன்முதலாக விமானத்திலிருந்து குதித்தவள் சண்முகசுந்தரி. பிறகு வளைகுடாவில் ஸ்கைடைவிங் நடத்தும் ஓரிடத்தில் பாராசூட் மடிக்கும் வேலைக்குப் போனாள். மடித்துக்கொண்டே குதிக்கவும் குதித்து, கோச் ஆகிவிட்டாள். ஆனால் கோச்சுக்கு ஓர் எல்லை உண்டு. தனியாகக் குதிக்கத் தெரிந்தவனோடு பக்கத்தில் பறந்து திருத்தலாம், அவ்வளவுதான். முதன்முதலாகக் குதிக்கிறவனைப் பிடித்துக்கொண்டு கூடவே விழ வேண்டுமென்றால் இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் தேற வேண்டும். அந்தக் கோர்ஸில் மாணவன் கிடையாது. பரீட்சை வைக்கிறவரே மாணவனாக நடிப்பார். திணறுவார், உதைப்பார், சுழலுவார், கைப்பிடியை மறந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொள்வார். அந்தரத்தில் அவரைத் துரத்திப் பிடித்து, நேர்செய்து, அவர் குடையை இழுத்துவிட வேண்டும்.

துரத்திப் பிடித்ததில் அவளைப்போல யாருமில்லை என்று அவரே சொன்னார். பிடித்ததை விடுவதில்தான் தோற்றாள். மணிக்கட்டிலிருந்த உயரமானி இரண்டாயிரத்தைக் காட்டியதை அவள் கண் பார்த்தது. கை பார்க்கவில்லை. கடைசியில் அவர்தான் அவளை உதறித் தள்ளிவிட்டுத் தன் குடையை விரித்தார்.

தரைக்கு வந்தபின் அவர் சத்தம் போடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நிஜ மாணவனாக இருந்தால், அவன் முதுகிலிருக்கும் கருவி தானாகவே ரிசர்வ் குடையைத் திறந்திருக்கும். அது உன் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். நீ அவனைக் காப்பாற்றவில்லை. அவன் கடைசி வழியை அடைத்துக்கொண்டு நின்றாய்." அடுத்த மாதம் மறுபடி வரலாம் என்றார்.

சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு நாள் காதில் நின்றிருக்காது.

"நல்லக்கண்ணு அண்ணாச்சி கடையில இருந்த அம்புட்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தேனே" என்றான் இசக்கித்துரை. "எம் பொண்டாட்டி வானத்துல வாத்தியாருன்னு."

"ரிசல்ட்டு வரதுக்கு முன்னாடி யாரு உங்கள வாங்கிக் குடுக்கச் சொன்னா?"

"நீ தோப்பேன்னு யாரு கண்டா? சரி, இந்தத் தடவை என்ன செய்வ?"

"தேறிருவேன். அந்த ஆளு நடிக்காருன்னு தெரியும்லா. அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மனசுல நெனச்சிக்கிட்டா கை தன்னால விட்டுரும்."

"அப்ப நெசமாவே ஒருத்தன் முழிச்சிக்கிட்டுக் கீழ போனாம்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இசக்கித்துரை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தான். "போச்சு. கடையநல்லூர்க்காரவுக. நாந்தான் இன்னைக்கு வரச் சொன்னேன்."

முகம்மது அப்சல் ஷார்ஜாவில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன், லீவில் வந்திருந்தான். ஷார்ஜா திரும்பியதும் ஸ்கைடைவிங் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்திருந்தான், நம்ம ஊர் அக்கா கூட வந்தால்தான் குதிப்பேன் என்ற நிபந்தனையோடு. அவன் உம்மா செய்யதம்மாள் வேறொரு நிபந்தனை போட்டிருந்தாள். அந்த அக்காவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

செய்யதம்மாள் ஒரு கையால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, மறு கையில் தூக்குவாளியோடு வந்தாள். "வட்டிலாப்பம். ஆறுறதுக்குள்ள சாப்பிடணும்" என்று பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, சண்முகசுந்தரியை மேலும் கீழும் பார்த்தாள். "இம்புட்டூண்டு இருக்கா. இவளா எம் மவனப் பிடிப்பா?"

"உம்மா!" என்றான் அப்சல்.

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரி பிடிச்சா உடும்புப் பிடில்லா!" என்று முந்திக்கொண்டான் இசக்கித்துரை. "இப்பத்தான் பிடிச்சா, என் கழுத்தப் பாருங்க, செவந்து கெடக்கு."

சண்முகசுந்தரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தூக்குவாளியைத் திறக்கப் போய்விட்டான்.

செய்யதம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து மகனைக் கிட்ட இழுத்தாள். "இந்தா, புருவத்துல இந்தத் தழும்பப் பாரு மக்கா. சின்னதுல சைக்கிள் படிக்கையில இவன் வாப்பா பின்னால பிடிச்சிக்கிட்டே ஓடுனாரு. பிடிச்சிருக்கேன் மிதி, பிடிச்சிருக்கேன் மிதின்னு சொல்லிக்கிட்டே கைய எடுத்துட்டாரு. நேரா கோழிக்கூண்டுல போயி விழுந்தான். அன்னையில இருந்து ஒரு வாரம் நான் அவருக்குச் சோறு மட்டுந்தான் போட்டேன், பேசல."

"கோழிக்கும் அடி" என்றான் அப்சல்.

"நீ வாய மூடுல." அவள் திரும்பினாள். "இது சைக்கிளு இல்ல. அதான் நேர்ல கேக்க வந்தேன். தரைக்கு வாறவரைக்கும் இவன விடமாட்டேன்னு உன் வாயால ஒரு சொல்லு சொல்லு. அல்லா மேல பாரத்தப் போட்டு அனுப்பிருதேன்."

சொல்லியிருக்கலாம். பயந்து நடுங்கும் எத்தனையோ பேரிடம் விமானத்தின் வாசலில் என்னென்னவோ சிரித்துக்கொண்டே சொன்னவள்தான் அவள். ஆனால் இந்த வாக்கைக் கொடுத்துவிட்டால், மேலே அந்த நேரத்தில் புத்தி ஒரு பேச்சையும் கை இந்த அம்மாவின் பேச்சையும் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, எனக்கு இன்னும் இன்ஸ்ட்ரக்டர் கார்டே கிடைக்கல" என்றாள். "பரீட்சையில தோத்துட்டேன். நான் வாத்தியாருன்னு இவுக சொன்னது பொய்."

இசக்கித்துரை கரண்டியோடு அப்படியே நின்றான்.

"எதுக்குத் தோத்த?" என்று கேட்டாள் செய்யதம்மாள்.

"விட வேண்டிய இடத்துல விடல. பிடிச்சிக்கிட்டே இருந்துட்டேன்."

செய்யதம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதுக்கா ஃபெயிலு போட்டானுவ? அவன் என்ன மனுசன்! விட்டவனுக்கு மெடலு, பிடிச்சவளுக்கு ஃபெயிலா?" அப்சலின் மணிக்கட்டைப் பற்றிச் சண்முகசுந்தரியின் கைக்குள் திணித்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்தினாள். "நீதாம்மா எனக்கு வேணும். கார்டு கெடக்கட்டும். இந்தா, பிடிச்சிக்கோ."

அப்சலின் நாடி சண்முகசுந்தரியின் விரலுக்கடியில் துடித்தது. இவ்வளவு பெரிய நம்பிக்கையை இவ்வளவு தப்பான காரணத்துக்காக யாரும் அவள் மேல் வைத்ததில்லை.

"இல்லம்மா. கேளுங்க. இவனோட குடைய நான் இழுத்துவிட எம்புட்டு முடியுமோ அம்புட்டும் செய்வேன். திமிறுனா திருப்பிப் பிடிப்பேன். சுழண்டா நிப்பாட்டுவேன். ஆனா ரெண்டாயிரம் அடி வந்துட்டா விட்டுட்டுப் போயிருவேன்."

"எங்கன போவ?"

"என் குடைய விரிக்க."

"இவன்?"

"இவன் முதுகுல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுவே ரெண்டாவது குடையத் தொறந்துவிட்டுரும். நான் மேல தொங்கிக்கிட்டு இருந்தா அந்தக் குடை என் மேல சுத்திக்கிடும். அப்புறம் எனக்கும் இல்ல, இவனுக்கும் இல்ல."

"பெட்டி வேலை செய்யலன்னா?"

இசக்கித்துரை குறுக்கே வந்தான். "அதெல்லாம் வேலை செய்யும்மா, ஃபாரின் பெட்டி. ஏட்டி, வந்தவுகள வட்டிலாப்பம் சாப்பிட விடு..."

"அப்பவும் விட்டுருவேன்" என்றாள் சண்முகசுந்தரி.

கோர்ஸில் நூறு தடவை எழுதியும் ஒப்பித்தும் இருக்கிறாள். நாடி துடிக்கும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டோம் என்று ஆறுதலாக இல்லை. மேலே போனால் செய்வோமா என்று இப்போதும் தெரியவில்லை.

"என்னட்டி பேச்சு பேசுத? பெத்தவ முன்னாடி..." என்று பல்லைக் கடித்தான் இசக்கித்துரை.

"நெசத்தச் சொல்லுதேன். நாளைக்கு மேல வச்சு இவன் என்ன நம்பிக் கைய நீட்டக்கூடாது. அவன் கைப்பிடிய அவன்தான் இழுக்கணும்."

"அக்கா சொல்லுறது சரிதான் உம்மா" என்றான் அப்சல். வந்தபோது இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. உதட்டை நக்கிக்கொண்டான். "அதான் விதி. வீடியோவுலகூடச் சொன்னாவ."

"விதியச் செஞ்சவனுக்குப் பிள்ளை குட்டி இருக்கா?"

செய்யதம்மாள் மகனின் மணிக்கட்டைச் சண்முகசுந்தரியின் கையிலிருந்து மெல்ல விடுவித்துத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சண்முகசுந்தரிக்குப் பதில் பேச வந்திருக்கும்.

கரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு தறி ஓடத் தொடங்கியது, பிறகு எதிர்வீட்டில், பிறகு தெரு முழுக்க. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்று செய்யதம்மாள் எழுந்து அவள் காதருகே வந்தாள்.

"சரி மக்கா, நீ விட்டுட்டுப் போயிருவ. அந்தப் பெட்டி தொறக்குறதுக்கு முன்னால எம்புள்ள பக்கத்துல திரும்பிப் பாத்தாம்னா, அங்கன யாரு இருப்பா?"