பிணக்கூடத்து வாசலுக்கு என் பெயரில் ஒரு மனு

கார் இருக்கைக்கு ஸ்ப்ரிங் அடிக்கும் ஆலையில் நவம்பர் மாதம் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவனுக்கு மாநில அரசு வாராவாரம் கொஞ்சம் பணம் தரும். கேட்டு மனுப் போட்டேன். ஆர்வில் ஸ்டானெக் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது.

ஆர்வில் ஸ்டானெக் நான்தான். ஒரு காசு வாங்கவில்லை. எவனோ என் பெயரையும் அரசாங்க எண்ணையும் திருடி, நான் ஆலையில் வேர்த்துக்கொண்டிருந்த கோடையிலிருந்தே அந்தப் பணத்தைத் தின்றுகொண்டிருக்கிறான். அப்போதே ஆலைக்கு விசாரித்துக் கடிதம் போட்டார்களாம். எந்த மேலாளன் கடிதத்தைப் பிரிக்கிறான்?

போனில் ஒருத்தி சொன்னாள்: "விசாரிக்கிறோம் சார். ரெண்டு மாசம் ஆகலாம்."

"ரெண்டு மாசத்துல நான் விறைச்சுப் போயிருப்பேன்மா. பொணத்துக்கா பணம் அனுப்புவீங்க?"

என்னைக் காத்திருக்கவிட்டு, போனில் பாட்டு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பொய் இல்லை. வீட்டைச் சூடாக்கும் எரிவாயுத் தொட்டி காலி. விற்கிறவன் பழைய பாக்கிக்கு ஒரு வழி தெரியாமல் வண்டி அனுப்ப மாட்டேன் என்கிறான். என் மனைவி மேவிஸ் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சமைக்கிறாள். அந்த வாரப் பணம் வந்தால்தான் வீட்டில் சூடு.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

"மிஸ்டர் ஸ்டானெக், உங்க கடிதம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நேர்ல வர முடியுமா?"

பேசியவர் ஊரில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தும் ஹாக். ஊர் டைரக்டரியில் என் எண்ணைத் தேடி எடுத்தாராம். துக்கத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க ஆள் வேண்டுமாம். நான் கேட்டு எழுதியிருக்கிறேனாம்.

எனக்குப் புரிந்தது. வாரப் பணம் வாங்குகிறவன் வேலை தேடுவதாகக் கணக்குக் காட்ட வேண்டும். திருடன் அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறான். என்னதான் எழுதியிருக்கிறான் என்று பார்க்கப் போனேன்.

ஹாக் படித்துக் காட்டினார்: "'எனக்கு மென்மையான குரல். அழுகிறவர்களிடம் மிகவும் பொறுமை உண்டு.'"

"எவன்யா சொன்னான்?" என்று கத்தினேன். பக்கத்து அறையில் அழுகை நின்றது.

"மெதுவா சார். உள்ள ஒருத்தரைக் கிடத்தியிருக்கு."

"அவருக்குக் கேக்கவா போவுது? இதை நான் எழுதலை, ஒரு திருட்டுப் பய எழுதுனது." ஓட்டுநர் உரிமத்தை மேஜையில் எறிந்தேன். "மூஞ்சியப் பாரு, இதுதான் நான். எனக்குப் பொணமும் பிடிக்காது, பாக்க வர்றவனையும் பிடிக்காது."

"அப்ப வேலை?"

"நீயே வச்சுக்க."

வீட்டில் மேவிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்யா, குடுத்த வேலையை வேண்டாம்னா வாரப் பணமே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த ஆள் ஒரு வார்த்தை எழுதிப் போட்டா முடிஞ்சுது. நாம ரெண்டு பேரும் அவர்கிட்டயே பொணமாப் போய்ப் படுத்துக்கலாம்."

அவர் எழுதித்தான் போட்டிருந்தார். மறு வாரமே மாநில அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மோசடிப் பிரிவில் வெர்னெட் என்கிற பெண். என் வயது இருக்கும். சிரிக்காத முகம்.

"வேலை கேட்டு எழுதுனது யாரு?"

"திருடன்."

"இத்தனை நாள் பணம் வாங்குனது?"

"அந்தத் திருடன்தான்."

"வேலை வேண்டாம்னது?"

வலை எங்கே விரிகிறது என்று தெரிந்தது. ஹாக்கிடம் போனவனும் அந்தத் திருடன்தான் என்று சொல்லிவிடலாம். ஹாக்குக்கு எந்த ஸ்டானெக்கைத் தெரியும்? ஆனால் அந்த நாய்க்கு இன்னொரு முறை என் பெயரை இரவல் கொடுக்க மனம் வரவில்லை.

"நான். எழுதிக்க."

அவள் ஹாக்கின் புகாரை எடுத்துப் படித்தாள்: "'வந்தவர் கூச்சலிட்டார். இறந்தவரையே அவமதித்தார். உரிமத்தில் இருப்பது இவர் முகம்தான். ஆனால் கடிதத்தில் சொன்ன குணம் ஒன்றுகூட இவரிடம் இல்லை. கடிதம் வேறு யாரோ எழுதியது.'" தாளைக் கீழே வைத்தாள். "நான்தான் நிஜம்னு தினமும் பத்துப் பேர் வர்றாங்க மிஸ்டர் ஸ்டானெக். வெளியாள் ஒருத்தர் இவ்வளவு கோபமாச் சாட்சி சொன்னது உங்களுக்குத்தான்."

"அப்ப, மறுத்தது?"

"கேக்காத வேலையை எப்படி மறுப்பீங்க? அவன் க்ளெய்மை மூடியாச்சு. உங்களுது திறந்தாச்சு. பணம் அடுத்த வாரம்."

"அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

போட்டாள்.

"முத்திரை?"

"வெளியே போறீங்களா?"

நேராக எரிவாயு விற்கிறவனிடம் போனேன். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தான். வெர்னெட்டுக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டான். அப்புறமும் பல்லை இளித்தான்.

"பெருசு, இதுல ரெண்டு ஸ்டானெக் இருக்கானே. என் பாக்கியை எவன் குடுப்பான்?"

"திருடன் குடுப்பானாடா? நான்தான் குடுப்பேன். வண்டியை எடு."

எடுத்தான்.