கிட்வேயிலிருந்து வந்த சாவுச் செய்தி

லுசாக்கா ரத்த வங்கியின் சர்வரில் ஹார்டு டிஸ்க் இழுத்துக்கொண்டு கிடந்தது. கிடக்கட்டும், வடக்கே கிட்வே கிளையில் மாற்று சர்வர் இருக்கிறதே என்று இங்கே சர்வரைக் கவனிக்கும் தாவோங்கா ஜெரே தெம்பாகத்தான் இருந்தாள். இங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக் ஃபைலாகப் போய் அங்கேயும் ஏறிவிடும். இது படுத்தால் அது எழுந்து வேலை பார்க்கும். அன்று அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலே இல்லை.

கிட்வே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கபாசோ போய் உயிர் கொடுத்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. மழைக்காலம் தொடங்கியபோது நின்ற சர்வர், மழைக்காலம் முடிந்தும் நின்றபடியே இருந்திருக்கிறது. நடுவில் வந்த லாக் எதுவும் லுசாக்காவிலும் இல்லை. இடம் போதாமல் அவளே அழித்திருந்தாள். எந்தப் பையில் கெட்ட ரத்தம் என்கிற சோதனை முடிவுகள் இப்போது அந்தச் சாகக் கிடக்கும் டிஸ்க்கில் மட்டும்தான்.

கிட்வே நின்ற இடத்துக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் திரட்டி எடுத்தாள். டிஸ்க் முக்கி முனகிப் படித்துக் கொடுத்தது. கிட்வே லைனில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். வேறொரு டிஸ்க்கில் ஏற்றி, அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிட்வே அறையில் சர்வருக்குக் கீழே, இன்வெர்ட்டரும் பேட்டரிகளும் இருக்க வேண்டிய இடத்தில் தூசிதான் இருந்தது.

"எங்கடா?"

"வீட்ல. கரண்ட் போய்ப் போய் ஃப்ரீசர்ல மீனெல்லாம் நாறிப்போச்சு. கொஞ்ச நாளைக்குன்னுதான் எடுத்துட்டுப் போனேன்."

"சர்வர் நின்னுச்சுன்னு ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே, எலி தின்னி. போனைப் பாரு."

பார்த்தாள். 'எலி தின்னி, கிட்வேல உன் மாப்பிள்ளை செத்துட்டான். சவப்பெட்டியோட வா.' அதன் கீழே அவளுடைய பதில்: 'குரங்கு தின்னி, நீயே புதைச்சுக்கோ. குழம்புல போட்டுடாதே.'

அவள் ஙோனி இனம், அவன் பெம்பா இனம்; ஙோனிகள் எலி தின்பவர்கள், பெம்பாக்கள் குரங்கு தின்பவர்கள் என்பது ஊர்க் கேலி. இரண்டு இனத்தாரும் பரம்பரையாகக் கேலி முறை உள்ளவர்கள். எழவு வீட்டில்கூட ஒருவரையொருவர் வாரலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவருக்குத்தான் அசிங்கம். தினமும் ஒருவரையொருவர் சாகடித்துக்கொள்பவர்களுக்குள் ஒரு சாவுச் செய்தியை யார் நம்புவது? அது தெரிந்துதான் சர்வரை மாப்பிள்ளையாக்கி அனுப்பியிருக்கிறான், பாவி.

"பழைய லாக்கை அழிக்கட்டுமான்னு போன்ல கேட்டேனே. அப்ப என்ன சொன்னே?"

அன்று அவன், 'அழிச்சுக்கோ, இங்க எல்லாம் ஏறிடுச்சு' என்றுதான் சொன்னான். அதற்கு மட்டும் எழுத்தில் சாட்சி இல்லை.

தாவோங்கா கொண்டுவந்ததை சர்வரில் ஏற்றத் தொடங்கினாள். பாதி ஏறும்போது லுசாக்காவிலிருந்து மேலாளர் நாம்பேயே போனில் கூப்பிட்டார்.

"கபாசோ எனக்கு அந்த மெசேஜை அனுப்பியிருக்கார். அவர் சொல்லியிருக்கார், நீ கிண்டல் பண்ணியிருக்கே. லாக்கை அழிச்சதும் நீதான். முடிச்சுட்டு வா, உன் வேலையைப் பத்திப் பேசணும்."

போனை வைத்தவள் நினைத்துக்கொண்டாள்: எங்கள் ஊரில் திருடனை மன்னித்திருக்கிறோம், கடன் வாங்கி ஏமாற்றியவனை மன்னித்திருக்கிறோம். கேலி முறையை ஒளிவிடமாக்கியவனை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலம் மாற்றங்கள் எல்லாம் ஏறி முடிந்தன. மிச்சமிருந்த புது லாக்குகள் லைனில் தாமாகவே வந்து சேர்ந்தன. கிட்வே லுசாக்காவை எட்டிப் பிடித்துவிட்டது. வறுத்த கடலைப் பொட்டலத்தோடு கபாசோ வந்து நின்றான்.

"என்ன எலி தின்னி, மாப்பிள்ளை பொழைச்சுட்டானா?"

"பொழைச்சுடுச்சு, மிஸ்டர் கபாசோ. பேட்டரியை எப்ப கொண்டு வந்து வைப்பீங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"மிஸ்டரா? ஏய், விளையாடாதே."

"விளையாடலைங்க."

அவள் பையைப் பூட்டினாள். கடலையை நீட்டிய கையோடு அவன் வாசல் வரை பின்னாலேயே வந்தான்.

"குரங்குன்னாவது திட்டிட்டுப் போயேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவள் படியிறங்கினாள்.