செத்தவர் கட்டிய கருவாடு

ஒக்பூன் அக்காவின் டாக்சியை இழுத்துக்கொண்டு வந்து பில்ஹோவின் பட்டறை வாசலில் விட்டார்கள். கருகிய இன்ஜின் வாடை தெருமுனை வரை அடித்தது. போன மாதம்தான் அதன் சூட்டை அளக்கும் சென்சரை அவன் புதிதாக மாட்டியிருந்தான்.

"சூட்டு முள்ளு கடைசிவரை கீழயே படுத்துக் கிடந்துச்சு தம்பி. நானும் நம்பி ஓட்டினேன். என்ன குப்பையை மாட்டித் தொலைச்ச?"

"சோதிச்சுப் பாத்துடுறேன் அக்கா."

"நல்லாப் பாரு. அதுக்குள்ள தேகு ஸ்டேஷன் ஸ்டாண்டு முழுக்க உன் லட்சணத்தைச் சொல்லிடுறேன்."

அந்த ஸ்டாண்டு டாக்சிகள்தான் அவன் பிழைப்பு. அங்கே பேர் கெட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சென்சரைக் கழற்றி, காபிக்கு வைத்திருந்த கொதிநீரில் முக்கி மீட்டரை வைத்தான். சூடு பட்டால் இறங்க வேண்டிய எண், சரசரவென்று இறங்கியது. சென்சர் பழுதில்லை. அடுத்து, சென்சருக்கு வரும் பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தான்.

"சாவியைத் திருப்புங்க. ஒயர் நல்லா இருந்தா முள்ளு உச்சிக்கு ஏறணும்."

முள் அசையவே இல்லை.

"நடுவுல அறுந்திருக்கு அக்கா!" நிம்மதியில் அவன் குரல் துள்ளியது. ஒயரைத் தடவிக்கொண்டே போனான். பேட்டரிக்குப் பின்னால் எலி அதைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. சுற்றிலும் புழுக்கை, செதில். மேலே, வெள்ளை நூல் சுற்றிய கருவாட்டில் தலை மட்டும் மிச்சமிருந்தது.

கொரியாவில் வண்டி வாங்கினால் எல்லோரும் கட்டுகிற காப்புதான். சக்கரத்தில் அரிசிக் கள் ஊற்றி, கும்பிட்டு, இதைக் கட்டியவர் அக்காவின் புருஷன். கட்டிய அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சென்சர் மாட்டியபோதே பில்ஹோ இதைப் பார்த்தான். எலி வருமே என்றும் நினைத்தான். செத்தவர் கட்டியதை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"போன மாசமே பாத்தியா?"

"பாத்தேன். அண்ணன் கட்டினதாச்சேன்னு..."

"அப்போ சொல்ல முடியலை. இப்போ உன் பேருக்கு ஆபத்துன்னதும் அவர் தலையில போடுறியா?"

"ஒயரை நீங்களே பாத்தீங்களே அக்கா!"

"பாத்தேன்." நூலை அவிழ்த்து, மீன்தலையைக் கைக்குட்டையில் பொதிந்தாள். "என் புருஷன் கட்டின காப்பு என் சோத்துல மண்ணைப் போட்டுச்சுன்னு ஸ்டாண்டுல நான் சொல்லணுமா? முடியாது தம்பி. சென்சர்தான் கெட்டுப்போச்சு."

சொன்னபடியே சொன்னாள். அடுத்த வாரம் ஒரு டாக்சியும் வரவில்லை. அவ்வழியே போன டிரைவர் ஒருவன் மட்டும் கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, சென்சர் சூப்பரா மாட்டுவியாமே!" என்று சிரித்தான்.

சென்சர் நல்லதுதான் என்று கத்த வந்தது. 'அப்போ எது கெட்டுச்சு?' என்று கேட்டால், செத்தவர் கட்டிய காப்பைத்தானே சொல்ல வேண்டும்? பற்றிக்கொண்டு வந்த ஆத்திரத்தை முழுங்கிவிட்டு, சென்சரை முக்கிய அதே பாத்திரத்து வெந்நீரில் காபி கலக்கிக் குடித்தான்.