மரம் வரை போகாதவர்

நுழைவுச்சீட்டு கொடுத்த பெண் சிரித்துக்கொண்டே, "பெரிய மரம் வரைக்கும் கால் மணி நேர நடைதான், சின்னப் பிள்ளைங்ககூடப் போயிட்டு வந்துடும்" என்றாள். மனைவியோடு வந்திருந்த கிரேன் ஓட்டுநர் தலையாட்டிக்கொண்டார்.

இருபது வருடமாக, வேலை ஓயட்டும், அந்தப் பெரிய மரத்தைப் பார்க்கப் போவோம் என்று மனைவியிடம் சொல்லி வந்தவர் அவர். நுரையீரல் கெட்டுவிட்டது, இனிமேல் கிரேன் பக்கமே போகக் கூடாது என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். வேலை ஓய்ந்தது இப்படித்தான்.

பாதி வழியில் மூச்சு இரைத்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போயிட்டு வா."

"போனா ரெண்டு பேரும் போவோம். இல்லேன்னா திரும்பிடலாங்க."

"அடம் பிடிக்காதே. இவ்வளவு தூரம் வந்துட்டு ஒருத்தராவது பாக்க வேணாமா?"

'ஒருத்தராவது' என்ற சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. தனியாக நடந்தாள்.

திருப்பத்தைத் தாண்டியதும் மரம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பத்துப் பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தும் உச்சி தெரியவில்லை. சுற்றிலும் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டையில் கை வைத்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. ஆயிரம் வருடமாகச் சும்மா நிற்கிறது இது. என் மனுஷனுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. ஆள் இல்லாத பக்கமாகப் போய் அழுது தீர்த்தாள். பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"பெருசா ஒண்ணுமில்லங்க. வெறும் மரம்தான்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. "அடி பொய்க்காரி! அண்ணாந்து அண்ணாந்து பாத்து உன் கொண்டையே அவுந்து தொங்குது. ஒண்ணு விடாமச் சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அழுததை மட்டும் விட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நம்ம கிரேன் உசரம் இருக்குமா?"

"அதுல பாதிகூட இல்ல."

இந்தப் பொய்யை அவர் மறுக்கவில்லை.

எழுந்தபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. காரை அடைந்ததும், யாரிடமும் தராத சாவியை அவளிடம் நீட்டிவிட்டு, மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

"மெதுவா ஓட்டு" என்றார்.