அம்மா இருந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பெட்டியின் கடைசி ஸ்க்ரூவையும் கழற்றித் தட்டில் போட்டாள் அவள். அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அது அண்ணனுக்குத் தெரியாது.

"ஏதாவது தெரியுதா பாப்பா?" என்றான் அண்ணன், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நின்றுகொண்டு.

"பாத்துட்டுத்தானே இருக்கேன். பழைய மெஷின். அவசரப்பட்டா உள்ள இருக்கறதும் போயிடும்."

கட்டிலில் அப்பா கிடந்தார். நேற்றுவரை குழறலாகவாவது பேசிக்கொண்டிருந்தவருக்கு இன்று காலை வாய் அடங்கிவிட்டது. இடது பக்கம் முழுதும் அசைவில்லை. இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாய் அடங்குவதற்கு முன் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். "உங்கம்மாவைப் போடு."

அம்மா உயிரோடு பேசும் வீடியோ ஒன்றே ஒன்றுதான். அது இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதைப் போட்டுக் காட்ட அண்ணன் காலையில் பட்டனை அழுத்தியிருந்தான். திரை இருட்டாகவே கிடக்க, பெட்டி மட்டும் நீளமாக மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. தனக்குத் தங்கை என்று ஒருத்தி இருப்பதும், அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துவதும் அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தன.

அண்ணன் மறுபடி பட்டனை அழுத்தியிருக்க வேண்டும்; அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இந்த வயதுப் பெட்டி இப்படிக் கத்தினால் ரேம் என்கிற மெமரிப் பலகையில்தான் கோளாறு. அந்தச் சின்னப் பலகையை வெளியே எடுத்து, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்ப அழுத்திச் செருகினால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் ஆகிற வேலை.

"கரண்ட் சப்ளைல ஏதோ கோளாறு. எல்லாத்தையும் பிரிச்சுத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அப்பா ரிட்டயர் ஆனபோது வாங்கிய கம்ப்யூட்டர் இது. முதல்முறை மக்கர் பண்ணியபோது ரிப்பேர் பார்க்க வந்தவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். பெட்டியைக் கழற்ற வந்தவன் பெண்ணையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று தெருவே சிரித்தது. அப்பா கதவைச் சாத்தினார். அதன் பிறகு எந்த மெக்கானிக்கையும் வீட்டுக்குள் விடாமல், தட்டுத் தடுமாறித் தானே அதைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டாள். அந்தக் கோபத்தை அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பெற்றவருக்குக் கோபப்பட உரிமை உண்டு.

அம்மா விஷயம் அப்படியல்ல. அம்மா இதே கட்டிலில் கிடந்து "பாப்பாவைக் கூப்பிடுங்க, ஒரு தடவை பாத்துடுறேன்" என்று கெஞ்சினாள். "சொல்லியாச்சு. வர்றா" என்றார் அப்பா. சொல்லவே இல்லை. கூப்பிட்டும் மகள் வரவில்லை என்ற நினைப்போடு அம்மா போய்ச் சேர்ந்தாள். இவள் யார் மூலமாகவோ கேள்விப்பட்டு ஓடி வந்தபோது, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைக்கூட வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அண்ணிதான் நடந்ததைச் சொன்னாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றான். அவன் சட்டைப் பையில் போன் இருந்தது. "அப்பா வேணாம்னாரு. நான் என்ன பண்றது?" என்றான்.

அப்பாவுக்கும் என்றாவது ஒன்று தேவைப்படும், அது தன் கையில் இருக்கும் என்று அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். இவ்வளவு கச்சிதமாக வந்து மாட்டும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"டிஸ்க்கை மட்டும் கழட்டி உன் லேப்டாப்ல போட முடியாதா?" என்றான் அண்ணன்.

"அதுக்கான ஒயரெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா?"

ஒயர் அவள் பைக்குள்தான் இருந்தது. பெட்டிக்குள் இருந்த காற்றாடியைக் கழற்றி, ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தாள். தூசியைத் தூரிகையால் பொறுமையாகத் தட்டினாள். பிறகு ரேமை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தட்டில் ஓரமாக வைத்தாள்.

கட்டிலிலிருந்து ஒரு முனகல் வந்தது.

அப்பாவின் கண்கள் தட்டின்மேல் இருந்தன. வலது கை போர்வையின்மேல் எழுந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எதையோ பிடித்துத் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் ஆட்டினார்.

"என்னப்பா வேணும்?" என்று அண்ணன் குனிந்தான்.

"விரல் மரத்துப் போச்சு போல. தேய்ச்சுவிடச் சொல்றாரு" என்றாள் அண்ணி.

அண்ணன் அவர் கையைப் பிடித்து உருவிவிட்டான். அவர் கையை விடுவித்துக்கொண்டு, தட்டைப் பார்த்து, மறுபடியும் அப்படியே தேய்த்துக் காட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெக்கானிக்கை உள்ளே விடாமல் இத்தனை வருஷமாக இந்தப் பெட்டியை அவர் ஓட்டியது ரப்பரை வைத்துத்தான். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். அவள் தெரிந்தேதான் இழுத்தடிக்கிறாள் என்பதும் தெரியும். அவள் வேலையை நிறுத்திவிட்டு முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்தக் கண்ணில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"குளிருதுன்னு சொல்றாரு. கையை உள்ள வச்சுப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து விடு" என்றாள் அண்ணனிடம்.

அவன் அப்படியே செய்தான். போர்வைக்குள் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. அவள் கட்டிலருகே போய் அவர் காதுப் பக்கம் குனிந்தாள்.

"சொல்லியாச்சுப்பா. அம்மா வர்றாங்க."

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குப் போனது. அவளுக்கு உள்ளே இனித்தது. அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, துடைத்த காற்றாடியையே மறுபடியும் துடைத்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் அவர் மூச்சு மேலெழும்பி, கொஞ்சம் நின்று, மறுபடி எழும்பியது. அண்ணி ஸ்பூனால் உதட்டை நனைத்தாள். தண்ணீர் ஓரமாக வழிந்தது.

"அப்பா" என்றான் அண்ணன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அப்பா."

போர்வைக்குள் அசைவு நின்றிருந்தது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஒருவர் விடாமல் அழைத்துச் சொன்னான். தூரத்துச் சொந்தம், பழைய ஆபீஸ்காரர்கள், வீடு மாறிப்போன பக்கத்து வீட்டார் என்று யாரையும் விடவில்லை. அண்ணி டாக்டரைக் கூட்டிவரப் போனாள்.

அறையில் அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். ரேமின் விளிம்பைத் தேய்த்து, ஊதி, செருகினாள். மற்றதையெல்லாம் கை தானாகவே பூட்டியது. பட்டனை அழுத்தியதும் பெட்டி சின்னதாக ஒரு சத்தம் கொடுத்து ஓட ஆரம்பித்தது.

அப்பாவின் கண்கள் இன்னும் முழுதாக மூடியிருக்கவில்லை. மானிட்டரைக் கட்டிலுக்கு முதுகு காட்டும்படி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீடியோவைத் தேட வேண்டியிருக்கவில்லை. திரையில் அது ஒன்றுதான் இருந்தது. ஓட விட்டாள். அம்மா இதே அறையில் ஜன்னலோரம் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தலையை அப்போதுதான் வாரியிருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அப்பாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். மகள் இந்த வீட்டிலேயே வளர்ந்தவள். அம்மா இப்படிச் சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"எவ்ளோ நேரம்தான் அங்கயே நிப்பீங்க?" என்றாள் அம்மா. குரல் அறை முழுதும் கேட்டது. "வாங்க. வந்து பக்கத்துல உக்காருங்க."

அவள் கை பாய்ந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியது.

"ஓடுதா?" அண்ணன் வாசற்படியில் நின்றான். "அம்மா குரல் மாதிரி கேட்டுச்சே. என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் கேக்கல. சத்தம் போயிடுச்சு."

திரையில் அம்மா வாயை அசைத்தபடி, சோபாவில் தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.